டிஎக்ஸ்எஃப் ஃபைலைக் கொடுத்து விமானப் பாகங்களை வெட்டி வாங்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு இருக்கை கொண்ட ஓர் அலுமினிய விமானத்தை வீட்டிலேயே கட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். வடிவமைப்பாளரிடம் வாங்கியது காகித வரைபடங்கள். அதே விமானத்தைக் கட்டும் இன்னொருவர் இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் தகடுகளான ரிப்புகளையும் பிராக்கெட்டுகளையும் கணினியில் வரைந்து டிஎக்ஸ்எஃப் ஃபைலாக உங்களுக்குத் தந்திருக்கிறார். அதை அப்படியே லேசர் பட்டறையில் கொடுத்து வெட்டி வாங்கினால் கையால் வெட்டுவதைவிடத் துல்லியமாக இருக்குமே, அதில் என்ன தவறு என்று கேட்கிறீர்கள். லேசர் துல்லியமா என்பதல்ல இங்கே விஷயம், அது துல்லியம்தான். வடிவமைப்பாளரின் வரைபடத்துக்குப் பதிலாக அந்த ஃபைலை நம்பலாமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. தகடு வெட்டுவதும் மடக்குவதும் அதற்கான ஃபைல்களைத் தயார் செய்வதும் என் தொழில். சொந்தமாக விமானம் கட்டுபவர்களின் ஃபைல்களும் அவ்வப்போது என் மேசைக்கு வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தாராளமாக வெட்டலாம். ஆனால் அந்த ஃபைலுக்குள் இருப்பது பாகத்தின் வெளிக்கோடும் துளைகளும் மட்டுமே. எந்த உலோகம், எந்தத் திசையில் உருட்டியது, எந்த ஆரத்தில் மடக்குவது, விளிம்பை எப்படி முடிப்பது, இதெல்லாம் வரைபடத்தில்தான் இருக்கிறது. ஃபைலை மட்டும் அனுப்பினால் இவை எல்லாவற்றையும் பட்டறைக்காரர் தன் வசதிப்படி முடிவு செய்துவிடுவார்.

முதலில் ஃபைல் எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள். வரைபடத்தில் எழுதியிருக்கும் அளவுகளைத் தட்டச்சு செய்து வரைந்ததா, அல்லது ஸ்கேன் செய்த படத்தின் மேல் கோடு இழுத்ததா? இரண்டாவது என்றால் தொடவே வேண்டாம். காகிதம் ஈரத்துக்கு நீளும், காய்ந்தால் சுருங்கும். நகல் எடுக்கும் இயந்திரம் பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று தானாகவே இரண்டு மூன்று சதவீதம் குறைத்துவிடும். அகலத்தில் ஒரு அளவும் உயரத்தில் வேறொரு அளவும் குறைவதும் உண்டு. வரைபடத்தில் எழுதிய எண்தான் செல்லும், கோட்டின் மேல் ஸ்கேல் வைத்து அளந்தது செல்லாது என்பது வரைபடம் படிப்பவர்களின் பழைய விதி. அதோடு வடிவமைப்பாளர் பிற்பாடு அனுப்பிய திருத்தங்கள் ஃபைலில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். கைமாறிக் கைமாறி வரும் ஃபைல்களில் எந்தத் தேதி வரைபடம் என்ற விவரமே பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது அலகு. டிஎக்ஸ்எஃப் என்பது 1982-இல் ஆட்டோகேட் மென்பொருளோடு வந்த வடிவம். ஃபைலுக்குள் இருக்கும் எண்கள் வெறும் எண்கள்தான். அவை அங்குலமா மில்லிமீட்டரா என்று சொல்ல ஓர் இடம் உண்டு, ஆனால் பலர் அதை நிரப்புவதில்லை, நிரப்பினாலும் சில மென்பொருள்கள் படிப்பதில்லை. 25.4 மடங்கு தவறு வந்தால் பயமில்லை, பார்த்ததும் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். கண்ணுக்குத் தெரியாத தவறுதான் ஆபத்து. வரைபடத்தில் ரிவெட் இடைவெளி ஒன்றே கால் அங்குலம், அதாவது 31.75 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைந்தவர் சௌகரியத்துக்காக 32 என்று போட்டுவிட்டார். ஒரு இடைவெளிக்குக் கால் மில்லிமீட்டர் ஒன்றும் பெரிதில்லை. நாற்பது இடைவெளி தள்ளிப் பார்த்தால் 10 மில்லிமீட்டர். இறக்கையை மூடும் வெளித்தகடான தோலும், இறக்கையின் நீளவாட்டுத் தாங்கியான ஸ்பாரும் ஒரே ஃபைலிலிருந்து வெட்டப்பட்டிருந்தால் துளைகள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும், யாருக்கும் சந்தேகமே வராது. வரைபடத்தைப் பார்த்துக் கையால் துளையிட்ட மூன்றாவது பாகத்தை வைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் நீளமான ஒவ்வொரு பாகத்திலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைத் துளை வரை உள்ள மொத்த தூரத்தைக் காகித வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஃபைலின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றையும் வரைந்து சேர்த்துவிடுங்கள். வெட்டி வந்ததும் வெர்னியரில் முதலில் அதை அளந்தால் போதும், அளவு வழியில் மாறியதா என்று தெரிந்துவிடும்.

கோடுகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். மூடாத வெளிக்கோடு, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடு, வெட்டும் கோட்டுக்கும் மடிப்புக் கோட்டுக்கும் ஒரே லேயர், இதெல்லாம் பட்டறையில் தகராறு செய்யும். மடிப்புக் கோட்டிலேயே வெட்டி இரண்டு துண்டாக அனுப்பிய கதை இந்தத் தொழிலில் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். லேசர் கதிர் சாப்பிடும் அகலத்துக்கு, அது மெல்லிய தகட்டில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு, நீங்களே ஈடு கட்டி வரையாதீர்கள். பட்டறை மென்பொருள் அதைச் செய்யும். இருவரும் செய்தால் பாகம் பெருத்துவிடும், துளை சிறுத்துவிடும்.

ரிப்பின் வடிவம் தனி விஷயம். இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்துக்கான புள்ளிகள் இணையத்தில் கிடைக்கும், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் தொகுப்பு அதில் பிரபலமானது. அந்தப் புள்ளிகள் காற்று தொடும் வெளிப்பரப்பைச் சொல்பவை. ரிப் அதற்கு உள்ளே தோலின் தடிமன் அளவு ஒடுங்கி இருக்க வேண்டும். ரிப்பைத் தட்டி மடக்க ஒரு மர அச்சு செய்கிறீர்கள் என்றால் அந்த அச்சு இன்னும் ஒரு தகடு தடிமன் ஒடுங்க வேண்டும். தோல் 0.5, ரிப் 0.8 என்றால் அச்சு சுற்றிலும் 1.3 மில்லிமீட்டர் உள்ளே. இதை மறந்த ஃபைல்கள் நிறைய உலவுகின்றன. முன்விளிம்பில் புள்ளிகள் குறைவாக இருந்தால் அவற்றை இணைக்கும் வளைகோடு லேசாக நெளியும். திரையில் அது தெரியாது, அச்சடித்த தாளைக் கண்மட்டத்தில் படுக்கவைத்துக் கோட்டோடு பார்வையை ஓட்டினால் தெரியும். என்னைக் கேட்டால் உங்களிடம் இருக்கும் ஃபைலுக்கு மிகச் சிறந்த பயன் இந்த அச்சுகளை எம்டிஎஃப் பலகையில் ரூட்டர் என்ற சுழலும் வெட்டுளி இயந்திரத்தால் வெட்டிக்கொள்வதுதான். மடிப்புக்கான ஆரத்தை விளிம்பில் உருட்டி, தகடு விட்டதும் கொஞ்சம் திரும்பி எழும்பும் என்பதற்காகப் பக்கச் சுவரைச் சில டிகிரி உள்நோக்கிச் சரித்துவிட்டால், எல்லா ரிப்பும் ஒரே மாதிரி வரும். பறக்கும் பாகம் எதையும் லேசர் தொடவும் இல்லை.

சரி, மடிப்புக்கு வருவோம். தட்டையாக வெட்டி மடக்கும் பாகத்தில் ஃபைல் எந்த மடிப்பு ஆரத்தை நினைத்து வரையப்பட்டது என்பது தெரியாமல் அது பயன்படாது. ஒரு சாதாரண எல் வடிவப் பிராக்கெட் எடுத்துக்கொள்வோம். 2024-டி3 என்ற அலுமினியக் கலவையில் 0.8 மில்லிமீட்டர் தகடு, இரண்டு பக்கமும் வெளியளவு 25. இந்த உலோகத்தை 90 டிகிரி மடக்கக் குறைந்தது தடிமனைப் போல மூன்று மடங்கு உள் ஆரம் கொடுப்பது வழக்கம், அதாவது 2.4. மடிப்பில் செலவாகும் தகடு 1.57 பெருக்கல் (2.4 + 0.44 × 0.8), சுமார் 4.32 மில்லிமீட்டர். 1.57 என்பது கால் வட்டத்துக்கான எண், 0.44 என்பது மடிக்கும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் இடம் தடிமனில் எத்தனை பங்கு உள்ளே என்பது. இரண்டு பக்கத்திலும் ஆரமும் தடிமனும் சேர்ந்து 3.2 கழியும். ஆக 50 − 6.4 + 4.32, தட்டையான நீளம் 47.92. அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி கையேட்டில் இருக்கும் சூத்திரத்தில் போட்டாலும் இதே விடைதான் வரும். இப்போது உங்கள் நண்பர் மென்பொருளில் முன்கூட்டியே இருந்த 1 மில்லிமீட்டர் ஆரத்தை மாற்றாமல் பாகத்தைத் தட்டையாக விரித்து வரைந்திருந்தால் நீளம் 48.52 ஆகும். ஒரு மடிப்புக்கு 0.6 மில்லிமீட்டர். இரண்டு மடிப்புள்ள சேனலில் 1.2. வெட்டும்போதே போட்ட ரிவெட் துளைகள் அந்த அளவுக்கு நகர்ந்துவிடும். அளவு போகட்டும். பிராக்கெட் ஃபைலின்படி வரவில்லையே என்று யாராவது 1 மில்லிமீட்டர் ஆரத்தில் மடக்கிவிட்டால் வெளிப்பக்கத்தில் தகடு வெடிக்கும். சில சமயம் லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகி அதற்குள் மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கும். இரண்டு மடிப்புகள் சந்திக்கும் மூலையில் ஒரு சிறு துளை இருக்க வேண்டும், கூர்மூலையாக விட்டிருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வரைபடத்தில் அந்தத் துளை இருந்தும் ஃபைலில் இல்லாமல் போவது சாதாரணம், ஏனென்றால் திரையில் கூர்மூலைதான் அழகாகத் தெரிகிறது.

இதோடு ஒட்டியது உருட்டிய திசை. ஆலையில் தகட்டை உருட்டும்போது உலோகத்துக்கு ஓர் இழையோட்டம் வந்துவிடுகிறது. மடிப்புக் கோடு அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே இருந்தால் நல்லது, அதோடு இணையாக ஓடினால் வெடிக்கும் வாய்ப்பு அதிகம். டிஎக்ஸ்எஃப் ஃபைலில் இதைச் சொல்லத் தனியாக ஓர் இடம் இல்லை. பட்டறையில் தகடு வீணாகாமல் பாகங்களை அடுக்கும் மென்பொருள், ஒரு பாகத்தை 90 டிகிரி திருப்பினால் இன்னும் இரண்டு பாகம் அடங்கும் என்று கண்டால் திருப்பிவிடும். அதன் வேலை அது. நீங்கள் பத்து பிராக்கெட் கேட்டால் ஆறு நேராகவும் நாலு குறுக்காகவும் வந்து சேரும், கையில் வைத்துப் பார்த்தால் பத்தும் ஒன்றுபோல இருக்கும். அதனால் ஒவ்வொரு பாகத்தின் மேலும் திசை அம்பு ஒன்றை, வெட்டாத தனி லேயரில், வரைந்து அனுப்புங்கள். ஆர்டரிலும் பாகத்தைத் திருப்பக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு இயந்திரத்தை இயக்குபவர் வரை போய்ச் சேராது.

இனி லேசர். இதில் உறுதியாகத் தெரிந்ததையும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன். லேசர் உலோகத்தை உருக்கித்தான் வெட்டுகிறது என்பது உறுதி. 2024, 6061 போன்ற கலவைகள் வெப்பப் பதத்தால் வலிமை பெற்றவை, உருகி உறைந்த விளிம்பில் அந்தப் பதம் போய்விடும். உருகி உறையும்போது நுண்விரிசல் விடும் சுபாவமும் 2024-க்கு உண்டு. பாதிக்கப்பட்ட பட்டை மிக மெல்லியது, ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். 4130 எஃகில் நிலைமை வேறு, அங்கே விளிம்பு கடினமாகிவிடும், மடக்கினால் அங்கிருந்து கீறும். வெட்டி வந்த துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: விளிம்பில் நெருக்கமான செங்குத்து வரிகள், அடிப்பக்கத்தில் உறைந்த துளிகள், கதிர் தொடங்கி முடிந்த இடத்தில் ஒரு சின்னக் குழி. சுமை ஏறி இறங்கும் பாகத்தில் அந்த வரிகளும் குழியும் விரிசலுக்கு விதை. இதுவரை உறுதி. விவாதம் எங்கே என்றால், விளிம்பை அரத்தால் தேய்த்து, பிறகு மெல்லிய உப்புத்தாளால் விளிம்பின் நீளவாக்கில் இழைத்துவிட்டால் மிச்சம் எவ்வளவு கெடுதி என்பதில். லேசான சுமை தாங்கும் பாகத்துக்கு அது போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், முதன்மைக் கட்டமைப்பில் லேசரே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி.

இது கட்டுபவர்களின் வீண் பயம் என்று நினைக்க வேண்டாம். உலகில் அதிகம் கட்டப்படும் கிட் விமானங்களான ஆர்வி வரிசையைத் தயாரிக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் லேசர் வெட்டுப் பாகங்களில், ரிவெட் தலை அமர்வதற்காகத் துளையைக் குழித்தபோது விளிம்பில் விரிசல் விட்டது 2023-இல் பெரிய விவகாரமானது. ஏராளமான பாகங்களை மாற்றித் தர வேண்டி வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அந்த நிறுவனம் கடன் மறுசீரமைப்புக்காக நீதிமன்றம் போனதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பாகங்களின் ஃபைலில் வடிவத் தவறு எதுவும் இல்லை, வெட்டும் முறைதான் மாறியிருந்தது.

இதனால்தான் துளைகளை ஒருபோதும் முழு அளவில் வெட்டச் சொல்லாதீர்கள் என்கிறேன். எட்டில் ஒரு அங்குல ரிவெட்டுக்கு இறுதித் துளை சுமார் 3.26 மில்லிமீட்டர். ஃபைலில் 2.5 போட்டு வெட்டி, இரண்டு பாகங்களையும் கிளிகோ என்ற தற்காலிகப் பிடிப்பானால் சேர்த்துப் பிடித்து, பிறகு டிரில்லாலோ ரீமராலோ இறுதி அளவுக்குப் பெரிதாக்கினால் வெப்பம் பட்ட வளையம் முழுவதும் சீவி வெளியே போய்விடும், பொருத்தமும் சரியாக அமையும். துளையின் நடுவிலிருந்து விளிம்புக்குக் குறைந்தது ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்ற கணக்கை, விளிம்பைத் தேய்த்த பின் மிஞ்சும் அளவுக்குப் போடுங்கள். வெளிக்கோட்டிலும் கால் மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, அரத்தால் கோட்டுக்குக் கொண்டுவரலாம்.

மணல் கலந்த நீரைப் பீய்ச்சி வெட்டும் வாட்டர்ஜெட்டில் வெப்பம் இல்லை, அது பெரிய நிம்மதி. விளிம்பு கொஞ்சம் சரியும், மணல் கடித்ததுபோல் மங்கலாக இருக்கும், அதையும் இழைக்கத்தான் வேண்டும். ஈரத்தோடு தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் கறை பிடிக்கும், அன்றே துடைத்துக் காயவையுங்கள். ரூட்டர்தான் மெல்லிய அலுமினியத்துக்கு என் முதல் தேர்வு. விளிம்பு உண்மையாகவே சீவப்பட்ட விளிம்பு. உள்மூலையில் வெட்டுளியின் ஆரம் தங்கிவிடும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும், 3 மில்லிமீட்டர் வெட்டுளி என்றால் உள்மூலை 1.5 ஆரத்துக்குக் குறையாது. மர விமானக்காரர்களுக்கு ஒரு வரி: லேசர் ப்ளைவுட்டின் விளிம்பைக் கருக்கிவிடும், கரியின் மேல் பசை பிடிக்காது, பழுப்பு மறையும்வரை தேய்த்த பிறகே ஒட்டுங்கள்.

உலோகம் பற்றிப் பட்டறையை நம்பாதீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறேன். பெரும்பாலான பட்டறைகளில் கையிருப்பு 5052 அல்லது 6061. 2024-டி3 என்று கேட்டால் எல்லாம் அலுமினியம்தானே என்பார்கள். வெட்டி முடித்தபின் பார்வையால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. தகட்டைச் சான்றிதழோடு நீங்களே வாங்கிக் கொடுங்கள், மிச்சத்தையும் திரும்பக் கேளுங்கள். தகட்டில் அச்சடித்திருக்கும் எழுத்து வெட்டும்போது துண்டுதுண்டாகிவிடும், அதனால் ஒவ்வொரு பாகத்திலும் எண்ணையும் உலோகத்தையும் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். கீறி எழுத வேண்டாம், பென்சிலாலும் வேண்டாம், கரிக்கோடு அலுமினியத்தை அரிக்கும்.

வெப்பநிலையையும் மறக்க வேண்டாம். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் நீளும். 3 மீட்டர் தோலைக் குளிர்சாதன அறையில் வெட்டி, 15 டிகிரி அதிகச் சூட்டில் மர மேசையின் குறியோடு ஒப்பிட்டால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டும். ஃபைல் தப்பு என்று சண்டைக்குப் போகுமுன் இதைப் பாருங்கள்.

சட்ட விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். வரைபடங்கள் பெரும்பாலும் ஒரு விமானம் கட்டும் உரிமையோடுதான் விற்கப்படுகின்றன. உங்கள் பிரதிக்காக நீங்கள் கணினியில் வரைந்துகொள்வது வேறு, இன்னொருவர் வரைந்ததை வாங்குவதும் பரப்புவதும் வேறு. வடிவமைப்பாளருக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிடுங்கள். பல சமயம் அவரே திருத்திய ஃபைலைத் தருவார். அமெரிக்கா போன்ற இடங்களில் விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும், 51 சதவீத விதி என்பார்கள். காசு கொடுத்து வெட்டிய பாகம் உங்கள் வேலைக் கணக்கில் வராது. வரைபடத்திலிருந்து கட்டுபவருக்கு மீதி வேலை ஏராளம் என்பதால் இது பொதுவாக இடிக்காது, இருந்தாலும் வெட்டக் கொடுக்கும் முன்பே உங்கள் ஆய்வாளரிடம் சொல்லிவிடுவது நல்லது.

நான் இங்கே இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாத இடம் ஒன்று உண்டு: உங்கள் ஃபைலில் இருக்கும் எந்தப் பிராக்கெட் எவ்வளவு சுமை தாங்குகிறது என்பது. அதை வடிவமைப்பாளர்தான் சொல்ல வேண்டும். பொதுவாக இறக்கை இணைப்பு, ஸ்பார் பட்டை, கட்டுப்பாட்டுக் கம்பிகளின் பிடிமானம், இருக்கைப் பட்டையின் பிடிமானம், இன்ஜின் தாங்கி ஆகியவற்றை அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் வெளியே வெட்டக் கொடுக்க மாட்டேன். கருவிப் பலகை, தரைத்தகடு, ஆய்வு மூடிகள், அச்சுகள் என்றால் இன்றைக்கே கொடுக்கலாம்.

நடுவில் இருக்கும் ரிப்புகளுக்கும் பிராக்கெட்டுகளுக்கும் ஒரே ஒரு கேள்வியை அந்த நண்பரிடம் கேளுங்கள்: எந்தத் தடிமனுக்கு, எந்த மடிப்பு ஆரத்துக்கு விரித்தீர்கள்? எண்ணைச் சொன்னால் மேலே போட்ட கணக்கில் வைத்துச் சரிபாருங்கள். சரியாக இருந்தால் ஒரே ஒரு ரிப்பை மட்டும் வெட்டி, மடக்கி, வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள், அப்புறம் மீதியைக் கொடுக்கலாம். தெரியாது என்று பதில் வந்தால் மடிப்புள்ள பாகங்கள் எல்லாவற்றையும் காகிதத்திலிருந்து நீங்களே மறுபடி வரைய வேண்டியிருக்கும். தட்டையானவற்றுக்கு மட்டும் அவர் ஃபைலை வைத்துக்கொள்ளலாம்.